“கிருமி ஏறிடுச்சா டாக்டர்?”: கட்டிக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்

பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று உறுதியான அன்று அவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, “உள்ள கிருமி ஏறிடுச்சா டாக்டர்?” என்பதுதான். அதற்கு முந்தைய ஏழெட்டு மாதமாக அவருக்கு வெள்ளைப்படுதல். வாடை தாங்காது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் சுவரோர இலையாகப் பார்த்து உட்காருவார், பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுவார். பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் முகம் சுருங்கிப்போகும். நாங்கள் அதைக் கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

“கிருமி இல்லம்மா, இது கட்டி” என்றார் டாக்டர். சொல்லிவிட்டு, வாடை குறைய மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்தார். அது ஒரு ஆன்டிபயாடிக். நாலைந்து நாளில் வாடை வெகுவாகக் குறைந்தது. கிருமியே இல்லை என்றால் கிருமி மாத்திரை எப்படி வேலை செய்தது என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கட்டி வேகமாக வளரும்போது அதன் எல்லாப் பகுதிக்கும் ரத்தம் போய்ச் சேராது. சேராத இடத்தில் திசு செத்து அழுகும். ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் சில வகைப் பாக்டீரியாக்கள் செழித்து வளரும். அவை வெளியிடும் ரசாயனங்கள்தான் அந்த வாடை. மெட்ரோனிடசோல் அவற்றைக் கொல்கிறது. புற்றுசெல்லை அது ஒன்றும் செய்வதில்லை. டாக்டர் சொன்னது சரி. பெரியம்மா கேட்ட கேள்வியும் பைத்தியக்காரக் கேள்வி இல்லை.

இன்று ஆராய்ச்சியாளர்கள் அதே கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்கிறார்கள். கட்டியின் மேலே அழுகலில் வாழும் பாக்டீரியா ஒரு பக்கம் இருக்கட்டும். கட்டியின் உள்ளேயே, சில சமயம் செல்லுக்குள்ளேயே, பாக்டீரியா இருக்கிறதே, அது அங்கே என்ன செய்கிறது? அங்கிருக்கும் எதிர்ப்பு சக்தியை அது எந்தப் பக்கம் திருப்புகிறது? கர்ப்பப்பை வாய், கருப்பை, சினைப்பை ஆகிய மூன்று இடத்துப் புற்றுநோய்களிலும் இப்போது இந்தக் கேள்வி சூடாக இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள முதலில் அழற்சி என்றால் என்னவென்று தெரிய வேண்டும்.

அழற்சி என்ற சொல்லுக்குள்ளேயே அழல் இருக்கிறது. அழல் என்றால் நெருப்பு. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அறிகுறிகளையும் ரோமானியரான செல்சஸ் 1ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். உள்ளே நடப்பது இதுதான்: முள்ளோடு நுழைந்த பாக்டீரியாவின் தோலை நம் செல்களின் மேலிருக்கும் ஏற்பிகள் தொட்டு அறிகின்றன. உடனே சைட்டோகைன் என்ற செய்தி மூலக்கூறுகள் கிளம்புகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து வழிவிடுகின்றன. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் முதலில் ஓடிவந்து, பாக்டீரியாவின் மீது காரமான ரசாயனங்களைக் கொட்டுகின்றன. பின்னால் வரும் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய வெள்ளையணுக்கள் செத்ததை எல்லாம் விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. சுத்தம் செய்து முடித்ததும், “இங்கே புது ரத்தக் குழாய் வேண்டும், புது செல் வளரட்டும்” என்று செய்தி அனுப்புவதும் அவைதான். முள்ளை எடுத்துவிட்டால் சில நாளில் எல்லாம் அடங்கிவிடும்.

முள் உள்ளேயே தங்கிவிட்டால் நெருப்பு அணைவதில்லை. நியூட்ரோஃபில் கொட்டும் ரசாயனங்கள் பாக்டீரியாவோடு சேர்த்துப் பக்கத்திலிருக்கும் நம் செல்களின் டி.என்.ஏ.வையும் சேதப்படுத்தும். “வளரட்டும்” என்ற செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எதிரியைக் குறிவைத்துக் கொல்லும் டி செல்கள் சலித்துச் சோர்ந்துவிடும். அவற்றை அடக்கிவைக்கும் வேறு வகைச் செல்கள் வந்து சேரும். பெர்லினைச் சேர்ந்த ருடால்ஃப் ஃபிர்கோ, 1863லேயே கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் நிறைந்திருப்பதைக் கண்டு, நாள்பட்ட அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்றார். கட்டி என்பது ஆறாத புண் மாதிரி என்று 1986இல் ஹரால்ட் டுவோராக் என்ற அமெரிக்க நோயியல் நிபுணர் எழுதினார். புண் ஆறுவதற்கு உடம்பு செய்யும் எல்லா ஏற்பாடுகளையும் கட்டி தனக்காகத் திருப்பிக்கொள்கிறது. அந்த ஆறாத புண்ணில் முள்ளாக யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும்போதுதான் பாக்டீரியா கதைக்குள் வருகிறது.

எல்லா பாக்டீரியாவும் முள் இல்லை. பெண் உடம்பில் காவல் வேலையே ஒரு பாக்டீரியா கூட்டத்தின் கையில்தான் இருக்கிறது. தயிருக்கு உறை ஊற்றுகிறோமே, பால் புளிப்பது அதிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரப்பதால். அதே அமிலத்தைச் சுரக்கும் லாக்டோபேசில்லஸ் குடும்பம்தான் யோனியிலும் இருக்கிறது. பருவம் வந்தபின் ஈஸ்ட்ரோஜன் சுரக்க, யோனிச் சுவரில் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சேர்கிறது. அது உடைந்து கிடைப்பதைத் தின்று இவை அமிலம் சுரக்கின்றன. அந்தப் புளிப்பில் வேண்டாத பாக்டீரியாக்கள் பெருக முடியாது. ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மன் மகப்பேறு மருத்துவர் 1892இல் விவரித்த காவல் ஏற்பாடு இது. (வாசனை திரவங்களை உள்ளே விட்டுக் கழுவுவது இந்தக் காவலைத்தான் கழுவி வெளியே தள்ளுகிறது. விளம்பரத்தை நம்பி அதை வாங்க வேண்டாம்.)

2011இல் ஜாக் ராவெல் குழு அமெரிக்காவில் எந்த நோய் அறிகுறியும் இல்லாத 396 பெண்களின் யோனி பாக்டீரியாக்களை ஆராய்ந்து ஐந்து வகையாகப் பிரித்தது. நான்கு வகைகளில் லாக்டோபேசில்லஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஏதாவது ஒன்று கோலோச்சியது. ஐந்தாவதில் லாக்டோபேசில்லஸ் குறைவு. கார்ட்னரெல்லா, பிரெவோடெல்லா என்று பல இனம் கலந்து இருந்தன. ஏறக்குறைய கால்வாசிப் பெண்கள் இந்தக் கலப்பு வகை. ஆகவே கலப்பாக இருந்தாலே நோய் என்று பயப்படக் கூடாது. ஆனால் இந்தக் கலப்பு நிலை மிஞ்சி, வாடையும் வெள்ளைப்படுதலும் வந்தால், அதை மருத்துவர்கள் பாக்டீரியல் வஜினோசிஸ் என்பார்கள்.

இதில் குழப்பமே இல்லாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் பாக்டீரியா அன்று, எச்.பி.வி. என்ற வைரஸ். ஹரால்ட் சுர் ஹௌசன் குழு 1983இல் கர்ப்பப்பை வாய்க் கட்டிகளில் எச்.பி.வி. 16ஆம் வகையைக் கண்டறிந்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸின் இ6, இ7 என்ற இரண்டு புரதங்கள், செல் கட்டுமீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் நம்முடைய காவல் புரதங்களைச் செயலிழக்க வைக்கின்றன.

அப்படியானால் பாக்டீரியாவுக்கு என்ன வேலை? எச்.பி.வி. தொற்று பெரும்பாலான பெண்களுக்கு வந்து, பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடுகிறது. போகாமல் தங்கிவிடுகிற சிலருக்குத்தான் ஆபத்து. லாக்டோபேசில்லஸ் குறைந்த பெண்களிடம் வைரஸ் தங்கிவிடுவது அதிகமாகக் காணப்படுகிறது. காரணங்கள் யூகிக்கக் கூடியவையே. கலப்பு வகைப் பாக்டீரியாக்களில் சில, கர்ப்பப்பை வாயை மூடியிருக்கும் சளிப் படலத்தை அரிக்கும் நொதியைச் சுரக்கின்றன. படலம் மெலிந்தால் வைரஸுக்கு வழி எளிது. அவற்றின் தோலில் உள்ள பொருள்கள் அழற்சியைக் கிளப்பிவிட, சைட்டோகைன் அளவு கூடுகிறது. டி.என்.ஏ. சேதமாகிறது. சேதமான செல்லைத் தடுத்து நிறுத்த வேண்டிய காவலை வைரஸ் ஏற்கெனவே கட்டிப்போட்டிருக்கிறது. இருவரும் ஒரே வீட்டில் சந்தித்துக்கொள்வதுதான் பிரச்சினை.

இவ்வளவும் கட்டி வருவதற்கு முந்தைய கதை. கட்டி வந்தபின் நடப்பதில் என்னை உலுக்கியது அமெரிக்காவின் ஹூஸ்டனிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலிருந்து 2023இல் வந்த ஆய்வு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுப்பார்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டே கதிர்வீச்சும் நடக்கும். சிலருக்குக் கட்டி நன்றாகக் கரைகிறது, சிலருக்குத் திரும்பி வருகிறது. இரண்டு பேரும் ஒரே கட்டத்தில் இருந்தவர்களாக இருக்கலாம். ஏன் இந்த வித்தியாசம்? இதை அறிய ஆய்வாளர்கள் சிகிச்சைக்கு முன் நோயாளிகளின் கட்டியிலிருந்து பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து, எந்தப் பாக்டீரியா இருக்கிறது என்று பார்த்தார்கள். சிகிச்சை பலிக்காதவர்களிடம் அடிக்கடி தலைகாட்டியது லாக்டோபேசில்லஸ் இனெர்ஸ்.

லாக்டோபேசில்லஸ்! காவல்காரக் குடும்பத்தின் பெயர்தானே அது? நானும் முதலில் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இன்னொரு முறை படித்தேன். சரியாகத்தான் இருந்தது.

அந்தக் குடும்பத்தில் கிரிஸ்பேட்டஸ் என்ற இனம் நம்பகமான காவல்காரன். இனெர்ஸ் அப்படியில்லை. அது காவல் இருக்கும்போதே கலப்பு வகைப் பாக்டீரியாக்களும் உள்ளே வந்துவிடுவதுண்டு. இரண்டும் சுரப்பது லாக்டிக் அமிலம்தான், ஆனால் அந்த அமிலத்துக்கே இரண்டு வடிவம் இருக்கிறது. வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும் போல; அளவு, தோல், வார் எல்லாம் ஒன்று, திருப்பி மாட்ட மட்டும் முடியாது. வேதியியலில் அவற்றை எல் வடிவம், டி வடிவம் என்பார்கள். கிரிஸ்பேட்டஸ் இரண்டையும் சுரக்கிறது. இனெர்ஸுக்கு எல் வடிவம் மட்டும்தான் தெரியும். நம் உடம்பின் செல்களுக்குப் பழக்கமானதும் எல் வடிவம்தான்.

இது ஏன் முக்கியம்? புற்றுசெல்கள் சர்க்கரையை அவசர அவசரமாக உடைத்து ஏராளமாக லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் இன்னொரு உருவம்) உண்டாக்குகின்றன என்று ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே காட்டினார். லாக்டேட்டை அவற்றால் எரிபொருளாகவும் பயன்படுத்திக்கொள்ள முடியும். கட்டிக்குள் லாக்டேட் மிகுந்தால், கொல்லும் டி செல்கள் தளர்கின்றன, அவற்றை அடக்கும் செல்கள் தாக்குப்பிடிக்கின்றன. இனெர்ஸ் வெளியிலிருந்து இன்னும் கொஞ்சம் எல் லாக்டேட்டை ஊற்றுகிறது. ஹூஸ்டன் குழு ஆய்வகத்தில் நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த இனெர்ஸைப் புற்றுசெல்களோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தச் செல்களின் வளர்சிதை மாற்றமே மாறி, சிகிச்சையைத் தாங்கி நிற்கும் தன்மை கூடியது. அதாவது இங்கே பாக்டீரியா நோயை உண்டாக்கவில்லை. நோய்க்குச் சோறு போட்டது.

நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று இரண்டு கட்டங்களுக்குள் போட்டுப் பழகிய நமக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. எந்த இனம், எந்த இடத்தில், என்ன சுரக்கிறது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தயிரில் லாக்டோபேசில்லஸ் இருக்கிறது, ஆகவே தயிர் சாப்பிட்டால் கர்ப்பப்பைக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் இந்த இடத்தில்தான் வழி தவறுகின்றன. தயிரில் இருப்பவை வேறு இனங்கள்.

கருப்பைக்கும் சினைப்பைக்கும் வருவோம். யோனியிலிருந்து கர்ப்பப்பை வாய், கருப்பை, சினைக்குழாய், அங்கிருந்து வயிற்றறை வரை ஒரே வழி. நடுவில் கதவு இல்லை, சளி அடைப்பு மட்டும்தான். அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு 2016இல், கருப்பை உள்வரிப் புற்றுநோய் உள்ள பெண்களின் கருப்பையில் அடோபோபியம், போர்ஃபைரோமோனாஸ் என்ற பாக்டீரியாக்கள் அதிகம் இருப்பதாகச் சொன்னது. ஆனால் ஆராயப்பட்டவர்கள் 31 பேர்தான். அதனால் அதைத் தொடக்கச் சேதியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 2019இல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு, சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களிடமும், அந்தப் புற்றுநோய் வரும் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுக் கோளாறு உள்ளவர்களிடமும், குறிப்பாக 50 வயதுக்குக் கீழே, லாக்டோபேசில்லஸ் குறைந்திருப்பதைக் கண்டது. எது முதலில் வந்தது என்பதை இத்தகைய ஆய்வுகளால் சொல்ல முடியாது. கட்டியால் பாக்டீரியா மாறியதா, பாக்டீரியாவால் கட்டிக்கு வழி பிறந்ததா என்று கேட்டால் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

புற்றுநோய் அல்ல என்றாலும், கருப்பை உள்வரி போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு 2023இல், அந்த நோய் உள்ள பெண்களில் 64 சதவீதம் பேரின் கருப்பை உள்வரியில் ஃபூசோபாக்டீரியம் இருப்பதைக் கண்டது. நோய் இல்லாதவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவு. எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தபோது புண்கள் சிறுத்தன. வாயில் ஈறு நோயோடு சேர்ந்து காணப்படும் அதே பாக்டீரியாதான் இது; குடல் புற்றுநோய்க் கட்டிகளிலும் 2012இல் அடையாளம் காணப்பட்டது.

இனி, இந்தத் துறையில் எதையும் நம்புவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய தலைவலி. கட்டிக்குள் இருக்கும் பாக்டீரியா மிக மிகச் சொற்பம். பயாப்ஸியில் எடுப்பது அரிசி மணி அளவுத் துண்டு. அதை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, வெட்டி, டி.என்.ஏ. பிரித்தெடுக்கிறார்கள். அந்தக் கத்தியில் பாக்டீரியா உண்டு. மெழுகில் உண்டு. டி.என்.ஏ. பிரிக்கும் ரசாயனப் பாட்டிலில்கூடச் செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ. கிடக்கும். குடல் மாதிரியில் பாக்டீரியா கோடிக்கணக்கில் இருப்பதால் இந்த அழுக்கு அங்கே பெரிதாகத் தெரியாது. கட்டித் துண்டிலோ அழுக்கே மொத்தக் கதையாகிவிடலாம்.

இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் ரவிட் ஸ்ட்ராஸ்மன் குழு 2020இல் சினைப்பை உட்பட ஏழு வகைப் புற்றுநோய்களில், பக்கத்து நல்ல திசுவையும் சேர்த்து 1,526 மாதிரிகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கணக்கான வெற்று மாதிரிகளையும் கூடவே வைத்துக்கொண்டது. திசுவே இல்லாத மெழுகு ஓரத்தை வெட்டி, அதையும் கட்டித் துண்டு மாதிரியே எல்லாப் படியிலும் நடத்தினார்கள். மெழுகில் கிடைத்த பாக்டீரியாவைக் கட்டியின் கணக்கிலிருந்து கழித்தார்கள். கழித்த பிறகும் மிச்சமிருந்தவை, பெரும்பாலும் புற்றுசெல்களுக்கும் வெள்ளையணுக்களுக்கும் உள்ளேயே இருந்தன. எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது கண்டுபிடிப்பைவிட அந்த மெழுகு ஓரம்தான்.

அதே ஆண்டு நேச்சர் இதழில் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, 30க்கும் மேற்பட்ட புற்றுநோய்களை அவற்றின் கிருமிக் கையெழுத்தை வைத்தே பிரித்தறியலாம் என்றது. உலகமே பேசியது. 2023இல் வேறொரு குழு அந்தத் தரவுகளைத் திரும்ப அலசியபோது, பாக்டீரியா என்று எண்ணப்பட்டதில் பெரும்பகுதி மனித டி.என்.ஏ. என்று தெரிந்தது. ஒரு புற்றுநோய்க்கு முக்கிய அடையாளமாக இறாலைத் தாக்கும் வைரஸ் ஒன்று வந்து நின்றிருந்தது. 2024இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதைச் சுட்டிக்காட்டிய உழைப்புக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். தவறான வரைபடத்தை வைத்துக்கொண்டு நோயாளிகளிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

“பாக்டீரியாதானே, நல்ல ஆன்டிபயாடிக்காகப் போட்டுக் கொன்றுவிடலாமே” என்று தோன்றுவது இயல்பு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கூடாது. பாரிஸில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், நுரையீரல், சிறுநீரகம், சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய்களுக்கு இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்பு சக்தியையே கட்டியின் மீது ஏவிவிடும் சிகிச்சை) எடுத்தவர்களில், அந்தச் சமயத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குச் சிகிச்சை சரியாகப் பலிக்கவில்லை. டி செல்களைத் தயார்நிலையில் வைத்திருக்கக் குடல் பாக்டீரியாக்களின் தயவு தேவைப்படுகிறது. இன்னும் பின்னால் போனால், 1891இல் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, புற்றுநோயாளி ஒருவருக்கு வேண்டுமென்றே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவைச் செலுத்தினார். கடும் தோல் தொற்று வந்தபின் ஒருவரின் கட்டி மறைந்ததாக மருத்துவக் குறிப்பில் படித்ததுதான் அவருக்குத் தூண்டுதல். ஆபத்தான வைத்தியம்தான், ஆனால் சிலருக்குக் கட்டி கரைந்தது. பாக்டீரியா மூட்டிய திடீர் நெருப்பு தூங்கிக்கொண்டிருந்த வெள்ளையணுக்களை எழுப்பியது. மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும் நெருப்பு கட்டிக்கு உதவுகிறது. சட்டென்று பற்றி எரிவது சில சமயம் கட்டியையே எரிக்கிறது.

கொல்வதற்குப் பதில் ஆளை மாற்றுவது பற்றித்தான் இப்போது யோசிக்கிறார்கள். அமெரிக்காவில் பாக்டீரியல் வஜினோசிஸ் உள்ள 228 பெண்களுக்கு முதலில் மெட்ரோனிடசோல் கொடுத்து, பிறகு சிலருக்குக் கிரிஸ்பேட்டஸையும் சிலருக்கு வெற்று மருந்தையும் யோனிவழி கொடுத்தார்கள். 12 வாரத்தில் கிரிஸ்பேட்டஸ் பெற்றவர்களில் 30 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 45 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. 2020இல் வெளியான முடிவு. இது புற்றுநோய்ச் சிகிச்சை இல்லை. ஆனால் குடியிருப்பவர்களை மாற்ற முடியும் என்று காட்டியிருக்கிறது.

இந்தியாவில் 2022இல் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். பாக்டீரியா ஆராய்ச்சி கனியும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எச்.பி.வி. தடுப்பூசி இருக்கிறது. மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ, வாடையோடு வெள்ளைப்படுதல் நீடித்தாலோ, கூச்சத்தை ஒதுக்கிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். சுத்தமாக இல்லாததால் வந்தது என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

பெண்களைத் தேடிப் போய்ப் பரிசோதித்தால் என்ன ஆகும் என்பதைத் திண்டுக்கல் மாவட்டமே காட்டியிருக்கிறது. அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாக வைத்து, 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். கையில் இருந்தது வினிகரில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலம், தண்ணீர் கலந்தது. அதைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளையாகத் திட்டு தெரிகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. ஒரே ஒரு முறை இப்படிப் பார்க்க அழைக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களைவிட நோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன.